குறைந்தபட்ச எடை

“வேல முடிஞ்சதும் இத என்னம்மா பண்ணுவீங்க?”

ஒரு தாய் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். நானும் உள்ளதைச் சொன்னேன். “எரிச்சிருவாங்க அக்கா.”

அதற்குப் பிறகு நடந்த அத்தனைக்கும் இந்தப் பதில்தான் காரணம் என்று எங்கள் ஆய்வகத்தில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். நாளைக்கு வேறொரு தாய் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

நான் மதுரையில் ஒரு மருத்துவமனையோடு சேர்ந்த ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக வேலை செய்கிறேன். தீராத வலிப்பு உள்ள குழந்தைகளின் ரத்தத்தில் இருந்து மூளைத் திசுவின் சிறு உருண்டைகளை வளர்ப்பது என் வேலை. சொந்தக்காரர்களிடம் விளக்கி விளக்கி இதை ஐந்து வாக்கியங்களாகச் சுருக்கி வைத்திருக்கிறேன். குழந்தையின் கையில் இருந்து ஐந்து மில்லி ரத்தம் எடுப்போம். அதில் உள்ள செல்களைப் பின்னோக்கித் திருப்பி, கருவில் இருந்ததைப் போல எதுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களாக ஆக்குவோம். வரிசையாகச் சில மருந்துகளைக் கொடுத்தால் அவை மூளைச் செல்களாக மாறி, உருண்டையாகத் திரளும். இரண்டு மூன்று மாதத்தில் அந்த உருண்டை ஒரு மிளகு அளவுக்கு வரும். குழந்தையின் தலையைத் திறக்காமலே, கோளாறு எங்கே தொடங்கியது, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று அந்த மிளகை வைத்துத் தேடலாம்.

ஐந்தாவது வாக்கியம் வருவதற்குள் உசிலம்பட்டியில் என் சித்தி குறுக்கே விழுந்துவிடுவாள். “ரெண்டு உருண்ட மிச்சமிருந்தா கொண்டாடி. ஒஞ் சித்தப்பனுக்கு வச்சுப் பாப்போம்.”

மூளை என்று நான் அதைச் சொல்வதில்லை. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது, கண் கிடையாது, முதுகுத்தண்டு கிடையாது. கொஞ்சம் கூடுதலாக வளர்ந்தாலே நடுப்பகுதிக்குச் சத்து போய்ச் சேராமல் செத்துவிடும். ஆனால் அதில் உள்ள நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று மின்துடிப்பு அனுப்பிக்கொள்கின்றன என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறவர் ஒன்று விளம்பரம் செய்கிறார், இல்லையென்றால் பயமுறுத்துகிறார்.

கேள்வி கேட்ட அக்கா பழைய ஊருக்குள் குடியிருப்பவர். கணவர் பி.வி.சி. பைப் கடை வைத்திருக்கிறார். மதியம் அவர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும்போது கல்லாவில் அக்கா உட்காருவார். ஒரே மகள், பத்து வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே வலிப்பு வந்துவிட்டது. நான்கு மருந்து மாற்றியும் நிற்கவில்லை. எங்களுக்கு ரத்தம் கொடுத்த ஒன்பது குழந்தைகளில் அவளுடைய மரபணுப் பிழை வேறு எவருக்கும் இல்லை. என் ஆய்வேட்டின் பாதி அவளுடைய செல்களை நம்பித்தான் நிற்கிறது.

அன்று மகளை நரம்பியல் டாக்டரிடம் காட்டிவிட்டு, அப்படியே எங்கள் கட்டடத்துக்கும் வந்திருந்தார்கள். செல் வளர்க்கும் அறைக்குள் வெளியாட்களை விட முடியாது. அதனால் வெளி அறையில் இருந்த நுண்ணோக்கியின் கீழ் ஒரு தட்டை வைத்து, திரையில் காட்டினேன். இளஞ்சிவப்புத் திரவத்தில் நான்கு உருண்டைகள் கிடந்தன.

“இது நானா?” என்று மகள் கேட்டாள்.

“இல்லம்மா. உங்கிட்ட இருந்து வந்தது.”

“அப்ப என் தங்கச்சியா?”

“அதுவும் இல்ல.”

“அப்ப என்னதான் அது?” பதிலுக்குக் காத்திராமல் என் சுழல் நாற்காலியில் ஏறிச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “வலிக்குமா இதுக்கு?”

“வலி தெரியிறதுக்கு உடம்பு வேணும், உடம்புல இருந்து சேதி கொண்டுபோக நரம்பு வேணும். இதுக்கு ரெண்டும் இல்ல. இன்னைக்குத் தெரிஞ்ச வரைக்கும் வலிக்காது அக்கா.”

“இன்னைக்குத் தெரிஞ்ச வரைக்கும்.” என் சொற்களைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். “சரி, அம்புட்டுதான் ஒனக்கும் தெரியும்போல.”

பிறகுதான் அந்தக் கேள்வி. என் பதிலைக் கேட்டதும் அவர் கை தானாகப் போய் மகளின் நாற்காலியைப் பிடித்து நிறுத்தியது.

“நாங்க எரிக்க மாட்டோம்மா. விரலு ஒண்ணு போனாலும் மண்ணுக்குள்ளதான் வைப்போம்.”

என் ஆய்வு வழிகாட்டி அப்போதுதான் அறையில் இருந்து வெளியே வந்தார். என்ன பேச்சு என்று ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார். “எல்லாம் விதிமுறைப்படி பாதுகாப்பா அப்புறப்படுத்திருவோம்மா. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க.”

அது என்னுடைய வாக்கியம். ஒப்புதல் படிவத்தின் ஆங்கில மூலத்தைத் தமிழில் எழுதியவள் நான்தான். மொத்தம் பதினோரு பக்கம். தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் புரியும் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்ட பதினோரு பக்கம். அதில் ஒன்பதாம் பக்கத்தில், “ஆய்வு முடிந்ததும் திசுக்கள் விதிமுறைகளின்படி அப்புறப்படுத்தப்படும்” என்று எழுதியிருந்தேன். ரத்தம் எடுக்கும் ஊசியின் அளவைக்கூட விளக்கிய நான், அந்த இடத்தில் மட்டும் எரிப்பார்கள் என்று எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் மறக்கவில்லை. ‘எரித்தல்’ என்று முதலில் எழுதி, பார்க்க நன்றாக இல்லை என்று அடித்தேன்.

அவர்கள் போனதும் சார் என்னைக் கூப்பிட்டார்.

“உங்க ஊர்க்காரங்களுக்கு வாய்க்கும் மூளைக்கும் நடுவுல தடுப்பே கிடையாதாம்மா?”

“கேட்டாங்க சார். சொன்னேன்.”

“நாளைக்குப் போன் பண்ணி, நீ சொன்னது தப்புன்னு சொல்லிரு. செல்லயெல்லாம் நைட்ரஜன்ல பத்திரமா உறைய வச்சிருப்போம்னு சொல்லு. பாதி உண்மைதான அது?”

“மீதிப் பாதி சார்?”

“மீதிய யாரு கேக்கப்போறா?”

“அவங்க கேட்டாங்க சார். நான் மாத்திச் சொல்ல மாட்டேன்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. இந்த ஒரு குழந்தையின் செல்கள் போய்விட்டால் என் படிப்பு எத்தனை மாதம் தள்ளிப்போகும் என்று என்னைவிட வேகமாக அவருக்குக் கணக்குப் போடத் தெரியும். எனக்காகத்தான் பொய் சொல்லச் சொன்னார். அதனால் அது பொய் இல்லை என்று ஆகிவிடாது.

மறுநாள் அக்காவே அழைத்தார். “நாங்க விலகிக்கிறோம்மா.” நேரில் வந்து பேசுகிறேன், அதுவரை பொறுங்கள் என்றேன். ஆசைகாட்டி மனதை மாற்றப்போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தாளில் மூன்று விஷயங்கள் எழுதி எடுத்துப்போனேன். எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிடுவேன் என்று பயம்.

கடை முழுக்க நீளவாக்கில் சாத்திய குழாய்கள். நடுவில் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் தாளைப் பார்த்தே பேசினேன்.

“ஒண்ணு. விலகுறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு. காரணம் சொல்ல வேணாம். பாப்பாவோட வைத்தியத்துல ஒரு குறையும் வராது. ரெண்டு. நீங்க விலகுனா, எங்ககிட்ட இருக்கிற அவ செல், உருண்டை எல்லாத்தையும் அழிச்சிரணும்னு விதி. அழிக்கிறதுன்னா மருத்துவக் கழிவு போடுற மஞ்சள் பையில கட்டிக் குடுப்போம். அது எரிக்கத்தான் போகும்.”

“இரு. இருந்தாலும் எரிப்பீங்க, போனாலும் எரிப்பீங்க?”

“ஆமா.”

“நல்லாருக்கும்மா உங்க விதி.”

“அக்கா, முக்கா இஞ்ச் எல்போ நாலு,” என்றார் வாசலில் நின்ற ஒருவர். அக்கா திரும்பிப் பார்க்காமலே பெட்டியில் கைவிட்டு நான்கை எடுத்துக் கொடுத்தார்.

“மூணாவது என்ன?”

மூன்றாவதைத் தாளை மடித்துவிட்டுச் சொன்னேன். “இதுவரைக்கும் இருபத்தி மூணு உருண்டை ஏற்கனவே போயிருச்சு அக்கா. வெட்டிப் பாத்த மிச்சம், சரியா வளராதது. எல்லாம் நான்தான் பையில போட்டேன்.”

என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் மேசை மேல் இருந்த பில் புத்தகத்தை ஒரு முறை திறந்து மூடினார்.

“அந்த இருபத்தி மூணுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, இல்ல?”

“முடியாது.”

“இவ பொறந்ததுல இருந்து ஆஸ்பத்திரியில எம்புட்டு ரத்தம் எடுத்திருப்பாங்க. அதெல்லாம் எங்க போச்சுன்னு நான் ஒருநாளும் கேக்கல. கேக்கணும்னு தெரியல. இப்ப தெரியுது, கேக்குறேன். அன்னைக்கே ஏன் கேக்கலன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன் அக்கா.”

“இவளோட அத்தா போயி பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டாரு. விரலு, காலுன்னா அடக்கம் பண்ணணும்னு சொல்லலாம், ரத்தத்துல இருந்து மூளைய வளத்து எங்கிட்டக் கொண்டாந்தா நான் எந்தக் கிதாபுல பாக்குறதுன்னுட்டாரு.” சட்டென்று சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிப்பு நின்றதும் சொன்னார்: “ஆனா எனக்கு மனசு ஒப்பலம்மா. எம் புள்ளைக்கு மருந்து கண்டுபிடிக்கிறேங்கிற, அதுக்கு நான் குறுக்க நிக்கல. எரிக்காம ஒரு வழி பாரு. நோன்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள வந்து சொல்லு. அதுவரைக்கும் விலகுறேன்னும் சொல்ல மாட்டேன், இருக்கேன்னும் சொல்ல மாட்டேன். ஒண்ணயும் எரிக்காத.”

நோன்புக்கு ஐந்து வாரம் இருந்தது. அன்றில் இருந்து அக்கா மகளின் தட்டுகளுக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை ஊட்டத் திரவம் மட்டும் மாற்றினேன். கழிந்ததை எல்லாம் தனிப் பெட்டியில் போட்டு, உறைகுளிர்ப் பெட்டியின் கீழ்த் தட்டில் வைத்து, ‘எரிக்கக் கூடாது’ என்று மேலே ஒட்டினேன். உடன் வேலை செய்கிறவர்கள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை.

வழி கிடைத்தது விதிமுறைப் புத்தகத்தில் இல்லை. தினமும் மஞ்சள் பைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, எடை போட்டு, சீட்டு ஒட்டி அனுப்புகிற ஒப்பந்தத் தொழிலாளி அண்ணன் ஒருவர் உண்டு. அவர்தான் நிறுத்திக் கேட்டார்.

“என்ன தங்கச்சி, ஒரு வாரமா ஒம் பை பாதி காலியாவே கெடக்கு? லீவா?”

சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

“இதுக்கா இம்புட்டு யோசிக்கிற? கீழ ஆபரேசன் தியேட்டர்ல போயிக் கேளு. காலு கையி எடுத்தா, சொந்தக்காரவுக கேட்டா எழுதி வாங்கிட்டுக் குடுத்துருவாக. பேரையூர்க்காரரு ஒருத்தரு, சுகர்ல காலு போச்சு. மகன் துணியில சுத்தி வாங்கிட்டுப் போயி அவுக காட்டுலயே புதைச்சான். அது என்ன, நீ சொல்ற ஆளுக மட்டுமா மண்ணக் கேப்பாக?”

மூன்று வருடம் அந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்திருக்கிறேன். தரைத்தளத்தில் இப்படி ஒரு வழக்கம் இருப்பது தெரியாது. தியேட்டர் நர்ஸ் அந்தப் படிவத்தைக் காட்டினார். அரைப் பக்கம். எது எடுக்கப்பட்டது, யார் பெற்றுக்கொள்கிறார், அடக்கம் செய்யும் பொறுப்பு அவருடையது, கையெழுத்து. என் பதினோரு பக்கத்தில் இல்லாதது இந்த அரைப் பக்கத்தில் இருந்தது.

அதை மாதிரியாக வைத்து மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சார் பரிந்துரைக் கையெழுத்துப் போட மறுத்தார். “என் பேர இதுல இழுக்காத.” ஆய்வு மாணவர் நேரடியாகக் குழுவுக்கு எழுதக் கூடாது என்று எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அனுப்பினேன்.

குழுவில் ஏழு பேர். ஐந்து பேர் டாக்டர்கள், ஒருவர் வக்கீல், ஒருவர் பொதுமக்கள் சார்பில் வருகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சார் பக்கவாட்டு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

மூத்த டாக்டர் ஒருவர் என் கடிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். “ஒரு மிளகுக்கு அடக்கமா? விட்டா நாளைக்கு, பிடுங்குன பல்லையும் கேப்பாங்க.”

“பல்ல நாங்க வீட்டுக்குத்தான சார் கொண்டுபோறோம்,” என்றார் தலைமையாசிரியை.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும் என்று தோன்றியது.

“கீழ்த் தளத்துல கால் குடுக்குறோம் சார். விரல் குடுக்குறோம். இத்தனை கிராமுக்கு மேல இருந்தாத்தான் குடுப்போம்னு அந்தப் படிவத்துல இல்ல. குறைந்தபட்ச எடைன்னு ஒண்ணு இருந்தா சொல்லுங்க, நான் கடிதத்தத் திருப்பி வாங்கிக்கிறேன்.”

“அது உடம்போட பாகம்மா. இது லேப்ல பண்ணுனது.”

“நன்கொடை கேட்டு நாம எழுதுன அறிக்கையில ‘நோயாளியின் சொந்த மூளைத் திசு’ன்னு போட்டிருக்கோம் சார். வாங்கும்போது அவ திசு, எறியும்போது லேப்ல பண்ணுனதா?”

சாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த அறிக்கையை எழுதியவர் அவர்.

வக்கீல் தொற்று அபாயம் பற்றிக் கேட்டார். ஆட்டோகிளேவ் என்கிற பெரிய பிரஷர் குக்கரில் நீராவியில் அவித்துவிட்டால் எந்தக் கிருமியும் மிஞ்சாது, ரசாயனத்தில் ஊறவைத்த துண்டுகளை மட்டும் மண்ணுக்குக் கொடுக்க முடியாது, அதைக் குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றேன். அரை மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள். ஜன்னல் வழியாகக் கீழக்குயில்குடி மலை வெயிலில் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, மறுத்தால் அடுத்து யாருக்கு எழுதுவது என்று வரிசைப்படுத்தி வைத்தேன். நான்கு பேர் தேறினார்கள்.

தேவைப்படவில்லை. நீராவியில் அவித்து, மூடி முத்திரையிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். படிவத்தில் தெளிவில்லாததால், ஒன்பது குடும்பங்களிடமும் எரிப்பது பற்றி வெளிப்படையாகச் சொல்லி, புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும்.

படிக்கட்டில் சார் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார். “ஒரு குடும்பத்தப் பிடிச்சு வைக்க, தூங்கிட்டிருந்த எட்டுக் குடும்பத்த எழுப்பிவிட்டுட்ட.”

“அவங்கள நான் எழுதுன தமிழ்தான் சார் தூங்க வச்சுது.”

இரண்டு வாரம் அவர் என்னிடம் மின்னஞ்சலில் மட்டும் பேசினார். ஒப்புதல் கேட்கப் போனதில் இரண்டு குடும்பங்கள் விலகிக்கொண்டன. அவர்களுடைய தட்டுகளை நானே எடுத்து அழித்தேன். அதில் ஒரு குழந்தையின் செல்கள் மிக நன்றாக வளர்ந்துகொண்டிருந்தவை. எனக்கு வருத்தம் இருந்தது. அவர்கள் மேல் இல்லை.

நோன்புக்கு மூன்று நாள் முன்னால் புதிய படிவத்தோடு பைப் கடைக்குப் போனேன். ஒன்பதாம் பக்கத்தில் ‘எரித்தல்’ என்ற சொல் இருந்தது. அதற்குக் கீழே ‘குடும்பத்திடம் ஒப்படைத்தல்’ என்று இன்னொரு கட்டம். அக்கா நேராக அந்தப் பக்கத்துக்குப் போய் டிக் செய்து கையெழுத்துப் போடுவார் என்று நினைத்தேன். அவர் முதல் பக்கத்தில் இருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் காத்து நின்றார்கள். பத்தாம் பக்கத்தில் விரல் நின்றது.

“உறைய வச்ச செல்ல பதினஞ்சு வருசம் வச்சிருப்போம்னு போட்டிருக்கே. அப்ப இவளுக்கு இருபத்தஞ்சு ஆயிருமே. நடுவுல இவகிட்ட யாரு கேப்பா?”

“இப்ப நீங்க கையெழுத்துப் போட்டா அதுவே போதும்னு வச்சிருக்கோம் அக்கா.”

“எனக்கு நான் போடலாம். இவளுக்கு எத்தன காலத்துக்கு நான் போடுறது? பதினெட்டு ஆனதும் இவகிட்டக் கேக்கணும். வேணாம்னா வேணாம். இருக்கா இதுல?”

“இல்ல.”

“எழுது.”

“நான் எழுதக் கூடாது. நீங்கதான் எழுதணும்.”

பில் போடும் பேனாவை எடுத்து, ஓரத்து இடைவெளியில், குழாய் அளவு எழுதுகிற அதே அழுத்தமான கையெழுத்தில் எழுதினார்: ‘என் மகளுக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் அவளிடம் கேட்க வேண்டும்.’ கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு ஒன்பதாம் பக்கத்துக்குத் திரும்பி, கட்டத்தில் டிக் செய்தார்.

“இப்புடிக் கையால எழுதுனா செல்லுமா?”

“தெரியாது அக்கா. மறுபடி குழுவுக்குப் போகணும். ஒத்துக்கலைன்னா இந்தப் படிவம் செல்லாது. நீங்க விலகுனதாத்தான் ஆகும்.”

“ஒஞ் சாரு என்ன சொல்வாரு?”

“கத்துவாரு.”

“ஒம் படிப்பு?”

“பாதி போயிரும்.”

அக்கா பேனாவை என் பக்கம் தள்ளினார். சாட்சி என்று ஓர் இடம் இருந்தது. அதில் போட்டுவிட்டு, அவருடைய வரிக்கு நேராகவும், அது பின்னால் சேர்த்தது என்று எவரும் அடித்துவிட முடியாதபடி, அதை ஒட்டியே என் கையெழுத்தைப் போட்டுத் தேதியும் எழுதினேன்.